இருபத்துமூன்றாம் நம்பர் பை

ரத்தினபாய் டீச்சருக்குக் கோபம் வர ஒரு காரணம் வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு டீச்சரைத் தெரியாது என்று அர்த்தம். பட்டனுக்குக் காஜா எடுக்கத் தெரியாத தையல் வகுப்புப் பிள்ளைகள் மேல் கோபம். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நிறுத்தாமல் பறக்கிற பஸ் மேல் கோபம். பிரசங்கம் நாற்பது நிமிஷத்தைத் தாண்டினால் போதகர் மேல் கோபம். ரயில்வேயில் ரிட்டயரான அவருடைய வீட்டுக்காரர் அசரியா, "உனக்கு பி.பி. வராது ரத்தினம். நீ அடுத்தவங்களுக்குக் குடுக்கிற ஆளு" என்பார். அதற்கும் கோபம் வரும்.

ஆனால் அந்த ஐம்பத்துநாலு வயதுவரை அவரை மிகவும் பாடாய்ப் படுத்தியது எது என்று கேட்டால் அரிசிதான். சாதாரணச் சோற்றரிசி.

அவர்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வீட்டுக்காரி தனி டப்பாவில் போட்டுவைப்பாள். வாரக் கடைசியில் அதைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பெரிய தகர டிரம்மில் கொட்டுவார்கள். வருஷத்துக்கு ஒருதரம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஏழைகளைச் சர்ச் படியில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு, முறத்தால் அள்ளிப் போடுவார்கள். பக்கத்தில் கமிட்டி அங்கத்தினர்கள் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள்.

எண்பத்தஞ்சாம் வருஷம் அந்த வரிசையில் டீச்சரிடம் தையல் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மாவும் நின்றாள். போட்டோக்காரன், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அழைப்பில்லாமலே போய், "அரிசி குடுக்கிறதா இருந்தா ஒழுங்கா குடுங்க. போட்டோ புடிக்கிறதா இருந்தா ஸ்டூடியோ வைங்க" என்று கத்திவிட்டு வந்தார். கத்தினவர் தலையிலேயே வேலையைக் கட்டுவதுதான் எந்தக் கமிட்டிக்கும் வழக்கம். அப்படித்தான் சர்ச்சின் சைடு ரூம் சாவி டீச்சர் கைக்கு வந்தது.

தையல் டீச்சர் ஆயிற்றே, முதல் வேலையாகப் பை தைத்தார். யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய நீலக் கட்டம் போட்ட துணியில் அறுபது பை. எல்லாம் ஒரே அளவு, ஒரே சுருக்குக் கயிறு. உள்பக்கம் மட்டும் சிவப்பு நூலில் ஒரு நம்பர். கொடுக்கிற வீட்டுக்கும் அதே பை, வாங்குகிற வீட்டுக்கும் அதே பை. சனிக்கிழமை காலையில் எல்லாரும் பையைக் கொண்டுவந்து சைடு ரூம் கொக்கியில் மாட்ட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது டீச்சருக்கும் சைடு ரூம் அலமாரியில் அவர் பூட்டிவைத்திருந்த நாற்பது பக்க நோட்டுக்கும் மட்டுமே தெரியும்.

இதிலும் ஒரு தொல்லை வந்தது. கொடுக்கிற வீட்டுப் பை போகும்போது ஒட்டிப் போயிருக்கும், வாங்குகிற வீட்டுப் பை உப்பியிருக்கும். தெருவில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். டீச்சர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, சர்ச் காம்பவுண்டில் நின்ற இரண்டு முருங்கை மரத்தைப் பிடித்தார். போகிற பை அத்தனையிலும் மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரை பிதுங்கிக்கொண்டு தெரிய வேண்டும். கீழே அரிசியா, பழைய பேப்பரா என்று எவனுக்குத் தெரியும்? காலையில் காலிப் பை கொண்டுவருகிறவர்களும் பேப்பர் அடைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

"எங்க வீட்லயே மரம் இருக்கு டீச்சர், எனக்கு எதுக்கு கீரை?" என்று கொடுக்கிறவர்கள் புலம்பினார்கள்.

"கொண்டுபோய் ஆட்டுக்குப் போடுங்க. ஆனா பையில வெளிய தெரியணும்."

ஆக, எட்டு வருஷமாக சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் சனிக்கிழமை சாயங்காலம் நீலப் பையில் கீரையோடு போகிறவர்களை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மரம் இரண்டும்தான் பாவம், வருஷத்தில் பாதி நாள் மொட்டையாக நின்றன.

தொண்ணூற்று மூணாம் வருஷம் ஜூலையில், எட்டாம் வகுப்பு குமுதா தையல் பீரியடில் ஊசியைக் கையில் பிடித்தபடியே பெஞ்சிலிருந்து சரிந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து உட்காரவைத்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று டீச்சர் கேட்டார். டீ என்றாள். நேற்று ராத்திரி? அதற்கும் டீ என்றாள். அவளுடைய அப்பா துளசிங்கம் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். பட்டறையைப் பூட்டி இரண்டு மாசம். அன்று சாயங்காலமே இருபத்துமூன்றாம் நம்பர் பையை எடுத்துக்கொண்டு டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போனார்.

குமுதாவின் அம்மா கனகவல்லி பையைக் கையில் வாங்கவில்லை. "நாங்க உங்க சர்ச்சு இல்லீங்களே டீச்சர்."

"அரிசிக்கு எந்த சர்ச்சும்மா? புடி."

"யாருக்காவது தெரிஞ்சா எங்க வூட்டுக்காரரு உசுர வுட்டுருவாரு டீச்சர். அவரு கேட்டு யார் கிட்டயும் கை நீட்டினது கெடயாது."

"தெரியாது. நான் சொல்றேன்ல? என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

அந்த வார்த்தையை நம்பித்தான் கனகவல்லி வாங்கினாள். மூன்று மாசம், ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். குமுதா அதற்கப்புறம் வகுப்பில் மயங்கி விழவில்லை.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாள் சாயங்காலம் கூட்டம், ஞாயிறு ஆராதனை, மத்தியானம் அசனம். அசனம் என்றால் சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகைச் சாப்பாடு. கோபுரத்தில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் தும்மினால் ஜங்ஷன்வரை கேட்கும்.

வெள்ளிக்கிழமை ஜெபத்தை ஏறெடுக்க வந்தவர் சபைச் செயலாளர் சத்தியநாதன் சார். நல்ல மனுஷர். ஒருத்தரையும் நோகப் பேச மாட்டார். அதனாலேயே டீச்சருக்கு அவரைக் கண்டால் ஆகாது. கையில் ஒரு காகிதத்தோடு மைக் முன்னால் நின்று, "கண்களை மூடுவோம். நம் பிடி அரிசி ஊழியத்தால் போஷிக்கப்படுகிற பதினாலு குடும்பங்களையும் பேர் பேராகக் கர்த்தருடைய சமுகத்தில் வைப்போம்" என்றார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். காது கேட்டதை நம்பவில்லை. முதல் பேர் வந்தது. தெருவோடு, வீட்டு அடையாளத்தோடு வந்தது. இரண்டாவது வந்தது. நோட்டு! சைடு ரூம் அலமாரிக்கு இன்னொரு சாவி செயலாளரிடம் இருப்பது அப்போதுதான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வரிசைக்குப் பின்னாலிருந்து, கண்மூடி உட்கார்ந்திருந்த பெண்களின் முழங்காலைத் தாண்டித் தாண்டி முன்னே ஓடினார். அதற்குள் கோபுரத்திலிருந்து, "ராஜகீழ்ப்பாக்கம் துளசிங்கம், மனைவி கனகவல்லி, இரண்டு பெண் பிள்ளைகள். வேலையில்லாமல் பசியோடிருக்கிற இந்தக் குடும்பத்தை..." என்று ஊர் முழுக்கப் போய்விட்டது. டீச்சர் மைக்கை எட்டும்போது சார் ஆமென் சொல்லிவிட்டார்.

கூட்டம் முடிகிறவரை பொறுக்க டீச்சரால் முடியவில்லை. ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டார். "யாரைக் கேட்டு சார் என் நோட்டை எடுத்தீங்க?"

"ஜெபத்துக்குத்தானே டீச்சர் எடுத்தேன். பேர் சொல்லாம எப்படி ஜெபிக்கிறது?"

"ஏன், கர்த்தருக்கு அவங்க பேர் தெரியாதா? ஸ்பீக்கர்ல சொன்னாதான் அவருக்குக் காது கேக்குமா?"

"நீங்க எதையுமே தப்பாத்தான் எடுத்துக்கிறீங்க. எவ்வளவு மன பாரத்தோட ஜெபிச்சேன் தெரியுமா?" என்றார் சார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. மனுஷருக்குத் தான் செய்தது என்னவென்றே புரியவில்லை. திட்டினால் உறைக்கிற ஆளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை காலையில் கொடுக்கிற வீட்டுப் பைகள் எல்லாம் வந்தன. வாங்குகிற வீட்டுக் கொக்கி பதினாலும் காலியாகக் கிடந்தன. சைடு கேட்டின் கம்பியில் ஒரே ஒரு பை கட்டித் தொங்கியது. துவைத்து, நாலாக மடித்து, அதன் கயிற்றாலேயே சுற்றிக் கட்டியிருந்தது. பிரித்து உள்ளே பார்த்தார். இருபத்துமூன்று.

மத்தியான வெயிலில் நடந்தே போனார். கனகவல்லி கதவைத் திறந்து, "வாங்க டீச்சர்" என்றாள். முகத்தில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். துளசிங்கம் வீட்டில் இல்லை. அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஸ்பீக்கரில் பேர் வந்தது என்றும், வரிசையிலிருந்த பெண்கள் மரியாதையாக இவளை முன்னால் விட்டார்கள் என்றும் கனகவல்லி சொன்னாள். "அது வரிக்கும் என்னை யாரும் முன்னால வுட்டதில்ல டீச்சர்" என்றாள்.

டீச்சர் மன்னித்துக்கொள் என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அசரியா கேட்டிருந்தால் காலண்டரில் குறித்துவைத்திருப்பார்.

"வேளைக்கு வந்துட்டீங்க. ஒரு வாய் சாப்ட்டுத்தான் போவணும்."

"வேணாம்மா."

"வேணாம்னா, எங்க வூட்ல சாப்ட மாட்டீங்களா?"

அப்படிக் கேட்டபின் என்ன செய்வது? உட்கார்ந்தார். கனகவல்லி தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். டீச்சர் பிசைந்தார். பாதிச் சோறு கூழாகக் கையில் ஒட்டியது. மீதி விரலுக்குள் நறநறவென்று உருண்டது. வாயில் வைத்தார். பச்சரிசி குழைந்து போயிருந்தது, புழுங்கல் பாதி வேக்காட்டில் இருந்தது, ரேஷன் அரிசி தனியாக ஒரு வாடை அடித்தது. மூன்றாவது வாயில் ஒரு கல்.

"இது... நம்ம அரிசியா?"

"ஆமா டீச்சர். எப்பவும் அப்டித்தான் கீது. மொதல்ல ரெண்டு வாரம் பொறுக்கிப் பாத்தேன். நாலு தினுசும் கலந்து கீதா, பிரிக்க முடியல. ஒண்ணு வேவறதுக்குள்ள ஒண்ணு கொழைஞ்சிடும். அப்பால பழகிட்ச்சி." ரசச் சட்டியை மூடிவைத்துவிட்டு, "நீங்க இத்த வூட்ல பொங்கிப் பாத்ததில்லியா?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எட்டு வருஷம்! பையின் அளவு பார்த்தார், கயிறு பார்த்தார், கீரை வெளியே தெரிகிறதா என்று பார்த்தார். கொட்டுகிற அரிசியெல்லாம் ஒரே டிரம்மில் விழுவதை வாரா வாரம் கண்ணால் பார்த்தார். அதில் ஒரு பிடியை எடுத்து ஒருநாள் உலையில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ஊரையெல்லாம் முட்டாள் என்று திட்டினவருக்கு அந்தத் திட்டு அத்தனையும் திரும்பித் தன் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது.

"ஸ்பீக்கர்ல பேரு வந்துது, அது கூட போவட்டும் டீச்சர்" என்றாள் கனகவல்லி. "நைட்டு அவரு தட்டு முன்னால குந்திகினு ஒண்ணுதான் கேட்டாரு. இந்தச் சோத்துக்காடி ஊரு பூரா பேரு வந்துதுன்னாரு. இனிமே வேணாம் டீச்சர். எப்டியாவது பாத்துக்கறோம்."

உள்வாசலில் குமுதாவும் தங்கையும் நின்றுகொண்டு டீச்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானையில் எவ்வளவு மிச்சம் என்று டீச்சர் கேட்கவில்லை. மீதி வைத்தால் மரியாதை இல்லை என்று கல்லோடு விழுங்கி எழுந்தார்.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போய், இனிமேல் பச்சரிசிக்கு ஒரு டிரம், புழுங்கலுக்கு ஒரு டிரம், ரேஷனுக்கு ஒரு டிரம் வேண்டும், வண்டு விழுந்ததைக் கொண்டுவரக் கூடாது என்று ஆராதனையில் அறிவிக்க வேண்டும் என்றார்.

"ஒரே டிரம்மா இருக்கிறதுதானே டீச்சர் ஒற்றுமை?" என்றார் சார் சாந்தமாக. "அதுவும் பசிக்கிறவங்களுக்குப் போறதுதானே. கலந்திருந்தா என்ன?"

டீச்சர் எழுந்து வெளியே நடந்தார். அவர் திட்டாமல் போனது சத்தியநாதன் சாருக்கு நிம்மதியாக இருந்தது. பாவம், அவருக்கு டீச்சரைத் தெரியாது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, சர்ச் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சமையற்காரர் அப்பாதுரை முன்னால் டீச்சர் தகர டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். பதினாலு வீட்டுக்கும் போகாத அரிசி அதில் நிறைந்து கிடந்தது. "முதல் பந்திக்கு இதைப் போடு. கமிட்டி, போதகர், பெரிய மனுஷங்க எல்லாம் உக்கார்ற பந்தி. மத்த பந்திக்கு, அசனத்துக்குன்னு வாங்கின அந்தப் பொன்னி அரிசி."

அப்பாதுரை கையை விட்டு அள்ளிப் பார்த்தார். "இன்னா டீச்சர் இது, நாலு தினுசு கீது. ஒண்ணு வெந்தா ஒண்ணு முழிச்சிகினு கெடக்கும். என் பேரு நாறிடும்."

"உன் பேரைக் கேட்டா என் பேரைச் சொல்லு."

"ஒரு மூட்டைப் பொன்னி மிச்சம் ஆவுமே, அத்த இன்னா பண்றது?"

"அது அரிசிக்கு அரிசி. போற இடம் எனக்குத் தெரியும்."

"பேஜார் புடிச்ச வேலை" என்று முனகிக்கொண்டே அப்பாதுரை உலையில் கொட்டினார்.

முதல் பந்தியில் வாழையிலை போட்டு, கத்தரிக்காய்க் கூட்டு வைத்து, ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றியபோது எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. இரண்டு வாய் உள்ளே போயிற்று. ஒருவர் எதையோ விரலால் எடுத்து இலை ஓரம் வைத்தார். போதகர் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"என்னது இது? பாதி கஞ்சி, பாதி கல்லு!" சத்தியநாதன் சாருக்கு அவர் வாழ்நாளிலேயே முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "யார் வீட்டு அரிசி இது?"

"நல்லவேளை, கேட்டீங்க சார்" என்றார் டீச்சர். பந்திக்கு ஆள் கூப்பிட வைத்திருந்த மைக் பக்கத்திலேயே இருந்தது; கையில் எடுத்தார். நாலு திசைக் குழாயும் விழித்திருந்தன. "முதல் பந்திச் சோற்றை மனமுவந்து கொடுத்த குடும்பங்களைப் பேர் பேராக நன்றியோடு நினைப்போம். முதலாவது, சத்தியநாதன் சார் குடும்பம். ரேஷன் புழுங்கல், போன வருஷத்தது, வண்டோடு. இரண்டாவது, ரத்தினபாய் டீச்சர் குடும்பம். நல்ல பொன்னிதான், ஆனா இத்தனை வருஷமா இதுல கலந்து கெடுத்தது. மூன்றாவது..."

ஐந்தாவது பேர் வரும்போது சத்தியநாதன் சார் எச்சில் கையோடு எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கினார்.

மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. திங்கட்கிழமை காலையில் சைடு ரூம் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார்கள். டீச்சர் சைடு ரூமில் உட்கார்ந்து, திரும்பி வந்த அந்த ஒரு பையோடு யாருக்கும் கொடுக்காமல் மிச்சமிருந்த பைகளையும் சேர்த்துப் பதினாலு பையில் பொன்னியை அளந்து போட்டுக்கொண்டிருந்தார். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. அசரியா வந்து வாசலில் நின்றார்.

"போதும், வா ரத்தினம்."

"ஆத்திரத்துல பண்ணிட்டேனாங்க? அந்தப் புள்ளைக்காகப் பண்றதா நெனச்சுக்கிட்டு என் கோபத்தைத் தீத்துக்கிட்டேனா?"

"ரெண்டும்தான்" என்றார் அசரியா.

அப்போது சைடு கேட்டு கிரீச்சிட்டது. கனகவல்லி உள்ளே வந்தாள், பின்னால் குமுதா. டீச்சர் எழுந்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரரு வாசல்ல குந்திகினு ஸ்பீக்கர கேட்டாரு டீச்சர்" என்றாள் கனகவல்லி. "வண்டோடன்னீங்களே, அங்க சிரிச்சாரு. பட்டறைய பூட்டினதுலேர்ந்து இன்னிக்குத்தான் சிரிச்சாரு. அந்தம்மா தன் பேரையும் சேத்து சொல்லுதே, போய் பைய வாங்கிகினு வான்னாரு."

டீச்சர் இருபத்துமூன்றாம் நம்பர் பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கனகவல்லி கயிற்றைத் தளர்த்தி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். குமுதாவும் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே தினுசும்மா" என்றாள் குமுதா.

கனகவல்லி அரிசியைத் திரும்பப் போட்டுக் கயிற்றை இழுத்தாள். போகவில்லை. பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"மேல கீரை வெக்கலியே டீச்சர்."

"ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, இனிமே எதுக்கு கீரை?"

"தெரிஞ்சா தெரியட்டும். கீரை இல்லாம நான் எப்டி தெருவுல போவேன்?"

பண்டிகைக்கென்று மரம் இரண்டையும் காலையிலேயே மொட்டை அடித்திருந்தார்கள். உச்சியில் மட்டும் நாலு கொத்து மிச்சம். "உங்களோட எல்லாம் என் உயிர்தான் போகுது" என்று திட்டிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீச்சர் துரட்டியைத் தேடிப் போனார். பதினாலு பைக்கும் வேண்டுமே என்று அசரியா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.